பரீட்சை முடியும்வரை சத்தம் வரக்கூடாது

1

போன வாரம் என் கைபேசி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. காலையில் எடுத்துப் பார்த்தால், ஆளுக்கொன்றாக நான் பிரித்து வைத்திருந்த மெசேஜ் சத்தங்கள் அத்தனையும் காணாமல் போயிருந்தன. அம்மாவுக்கும் ‘டிங்’, வீட்டுக்கார அக்காவுக்கும் ‘டிங்’, தள்ளுபடியில் செருப்பு விற்கிறவனுக்கும் அதே ‘டிங்’.

சிங்கப்பூருக்குப் படிக்கப் போனவளுக்கு இதுதான் பெரிய கவலையா என்று நீங்கள் ஊரில் உட்கார்ந்து சிரிக்கலாம். நன்றாகச் சிரியுங்கள். இங்கே என் பிழைப்பு இந்தச் சத்தங்களை நம்பித்தான் ஓடுகிறது. வகுப்பு அறை மாறினால் மெசேஜ், விசா தாளில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் மெசேஜ், ஐந்து பேர் சேர்ந்து செய்யும் புராஜெக்ட்டில் நான் எழுதிய பகுதியை ஒருவன் மொத்தமாக அழித்துவிட்டு ‘சாரி’ போட்டால் அதற்கும் மெசேஜ். எதற்கு ஓடவேண்டும், எதற்கு உட்கார்ந்திருக்கலாம் என்பதைக் காதை வைத்துத்தான் முடிவு செய்வேன்.

ஆகவே கிளமெண்டியில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, மறுபடியும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தேன். பல்கலைக்கழகத்துக்கு மணி. புராஜெக்ட் குரூப்புக்குச் சீழ்க்கை. தம்பி செந்திலுக்கு லாரி ஹாரன், அவன் அப்படித்தான் பேசுவான். அம்மாவின் பெயருக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. போன வருடத்துக் கோபம் அப்படியே திரும்பி வந்தது. ஆறிவிட்டது என்று நினைத்திருந்தேன், ஆறவில்லை. அதனால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

2

விருதுநகரில் ஒரு கல்லூரியில் ஐந்து வருடம் பாடம் நடத்திவிட்டு, முப்பது வயதில் வேலையை உதறிவிட்டு, நீர் மேலாண்மையில் மேல்படிப்பு என்று இங்கே வந்து சேர்ந்தவள் நான். அந்த வயதில் மறுபடி மாணவியாவது லேசுப்பட்ட காரியமில்லை. கூடப் படிக்கிறவர்கள் இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள். அவர்கள் ஒரு தடவை படித்தால் ஏறுவது எனக்கு நாலு தடவை படித்தால்தான் ஏறும். புள்ளியியல் என்றால் ஆறு தடவை.

இதற்கு நடுவில் ‘நம்ம குடும்பம்’ என்று ஒரு குரூப். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள், மருமக்கள் என்று ஒரு கல்யாணப் பந்தியே அதில் உட்கார்ந்திருக்கிறது. ஊரில் பொழுது விடிந்ததும் பெரியப்பா பனித்துளி வைத்த ரோஜாப்பூ ஒன்றை அனுப்புவார். அதற்குப் பதினைந்து பேர் கை கூப்புவார்கள். அப்புறம் வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தால் என்னென்ன ஆகும் என்று ஒரு நீளமான செய்தி. அது பொய் என்று நான் எழுதினால், படித்த திமிர் என்று அத்தைக்கு வருத்தம். என் நேரத்தை இவர்கள் தின்றதுபோல வேறு யாரும் தின்றதில்லை.

அம்மா தனி ரகம். அம்மாவின் மெசேஜுக்கு நான் குக்கர் விசில் வைத்திருந்தேன். எவ்வளவு அசந்து கிடந்தாலும் அந்தச் சத்தத்துக்கு எழுந்துவிடுவேன் என்பதுதான் காரணம். அம்மாவோ நினைத்ததை ஒரே மெசேஜில் எழுதுபவள் இல்லை. ‘சுபா’ என்று ஒன்று. ‘சாப்பிட்டியா’ என்று ஒன்று. ‘என்ன சாப்பிட்ட’ என்று இன்னொன்று. மூன்று விசில்.

ஒரு நாள் நூலகத்தின் பேசக்கூடாத மாடியில், சத்தத்தை அணைக்க மறந்துபோய் உட்கார்ந்திருந்தேன். மூன்று விசிலும் அடித்தது. அந்தத் தளமே திரும்பிப் பார்த்தது. எதிரில் இருந்த பெண் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, ஏதோ வெந்துவிட்டதா என்று பார்ப்பவளைப்போலச் சுற்றுமுற்றும் பார்த்தாள். மறுநாள் நூலகத்திலிருந்து மிக மரியாதையாக ஒரு மின்னஞ்சல் வந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் அந்த மாடிக்கு வரமுடியாதாம்.

அவமானம் பிடுங்கித் தின்றது. அன்று சாயங்காலமே குடும்ப குரூப்பில் வரிசை போட்டு எழுதினேன். இன்ன நாள் இன்ன பரீட்சை, இன்ன மணியிலிருந்து இன்ன மணி வரை போன் முழுசாக அணைந்திருக்கும், இந்திய நேரம் இவ்வளவு. மற்ற நேரங்களிலும் அவசியமில்லாமல் யாரும் எழுதக்கூடாது. கடைசியில் அம்மாவுக்கென்று ஒரு குரல் பதிவும் போட்டேன். “பரீட்சை முடியற வரைக்கும் உங்க யார் சத்தமும் எனக்கு வரக்கூடாது. இங்க நான் விளையாட வரல.”

யாரும் பதில் எழுதவில்லை. பெரியப்பா மட்டும் ஒரு ரோஜா அனுப்பினார்.

3

அதற்குப் பிறகு வீடு அடங்கிவிட்டது. விசில் நாளுக்கு ஒன்றானது, பிறகு இரண்டு நாளைக்கு ஒன்று. போன் பேசினாலும் அம்மா சீக்கிரமாக வைத்துவிடுவாள். “கொஞ்சம் வாயுத் தொல்லை, நீ படி” என்பாள். கடைசியில் ஒருவழியாகத் திருந்திவிட்டார்கள் என்று நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். இதை எழுதும்போது என் கன்னத்திலேயே நாலு அறை விடலாம்போல இருக்கிறது.

நான் குடியிருப்பது ஜமீலா அக்கா வீட்டில் ஓர் அறையில். அவருடைய தாத்தா காரைக்கால் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். லிட்டில் இந்தியாவில், தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் போகும் சின்னத் தெருவில், அக்காவுக்கு ஒரு கடை. சார்ஜர், சிம் கார்டு, போன் உறை, கூடவே தைலமும் ஊறுகாயும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்க் கூட நிற்பேன். ஊர்ப்பேச்சு காதில் விழுமே என்ற ஆசைதான்.

ஞாயிறு மத்தியானம் அந்தத் தெருவில் நின்றால் போன் சத்தம்தான் சத்தம். கப்பல் பட்டறையிலும் கட்டட வேலையிலும் ஆறு நாள் வாய் திறக்காமல் கிடந்த ஆட்கள் நடைபாதையில் உட்கார்ந்து ஊருக்குப் பேசுவார்கள். கடைக்கு வந்து, இன்னும் சத்தமாக அடிக்கிற போன் இருக்கிறதா என்று கேட்பார்கள். நான் மட்டும் எப்படிச் சத்தத்தைக் குறைப்பது என்று அக்காவிடம் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

என் ஏற்பாட்டை எல்லாம் கேட்டுவிட்டு, அக்கா ஊறுகாய் பாட்டில்களை அடுக்கினார். பிறகு சொன்னார், “என் மகன் மெல்பர்ன்ல படிக்கிறான். என்னை ம்யூட் பண்ணி வச்சிருக்கான், எனக்குத் தெரியும். நான் ஏன்னு கேக்கறதில்ல.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அம்மாவுக்குப் போன் போடவில்லை. புள்ளியியல் பரீட்சைக்கு நாலு நாள்தான் இருந்தது.

4

பரீட்சை காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. ஊர்க் கணக்கில் ஆறரையிலிருந்து ஒன்பதரை. அரங்கத்துக்கு வெளியே பையை வைத்துவிட்டுப் போனை அணைத்து அதற்குள் போடவேண்டும். எட்டரை தாண்டியிருக்கும், அணைக்கப் போகும் நேரத்தில் ஒரு தடவை திரையைப் பார்த்தேன். குடும்ப குரூப்பில் அப்பா ஒரு குரல் பதிவு போட்டிருந்தார். அப்பா குரூப்பில் எதுவுமே போடமாட்டார். பிறந்தநாள் வாழ்த்துக்கூட யாராவது அவர் பெயரில் போட்டால்தான் உண்டு. அதனால் காதில் வைத்துக் கேட்டேன்.

“டேய் செந்திலு, அம்மாவ ஏழரைக்கு ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறாங்களாம். ஃபிளாஸ்க்கும் அந்த மஞ்சத் துண்டும் மறந்துடாத. அக்காவுக்கு விஷயம் போயிடக் கூடாது, பாத்துக்க.”

இரண்டாம் தடவை கேட்பதற்குள் அந்தப் பதிவு இருந்த இடத்தில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று வந்தது.

எங்கள் வீட்டு ஆட்களை எனக்குத் தெரியும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கெட்ட செய்தி சொல்லக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். துபாயில் இருந்த சித்தப்பாவுக்கு அவருடைய சொந்த மாமனார் செத்ததையே கருமாதி முடிந்துதான் சொன்னார்கள். சொல்லாமல் விடுவது அன்பாம். அந்த அன்பைத் தூக்கிக் குப்பையில் போடத் தோன்றியது. என்ன ஆபரேஷன், ஏன் ஆபரேஷன் என்று எதுவும் தெரியாமல் பரீட்சைத் தாழ்வாரத்தில் நான் நிற்கிறேன்.

கோபத்தைவிடப் பெரிதாக ஒன்று அப்போதுதான் உறைத்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்குப் பல்லில் சீழ் வைத்து, தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி போட்டார்கள். பத்தே நிமிடத்தில் முகம் வீங்கி, உதடு தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அப்பா வெளியூரில், செந்தில் விடுதியில். நான் ஒருத்திதான் கூட இருந்தேன். பிழைத்தபிறகு டாக்டர் அந்த மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி, இந்த வகை ஊசி இனி ஜென்மத்துக்கும் ஆகாது என்று சொல்லி என் கையில்தான் கொடுத்தார். அம்மா அதை ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. அந்த டாக்டருக்குக் கைராசி இல்லை என்று சொல்லி முடித்துக்கொண்டாள். சீழ் பிடிக்காமலிருக்க ஆபரேஷன் சமயத்தில் போடுவதும் பெரும்பாலும் அந்த வகைதான். அந்தச் சீட்டின் படம் என் போனில் இருக்கிறது. ஊரில் யாரிடமும் இல்லை.

செந்திலுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், வேண்டுமென்றே வெட்டினான். அப்பாவின் போன் அணைந்திருந்தது. அம்மாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. சீட்டின் படத்தை எல்லாருக்கும் அனுப்பினேன். ஒருவரும் திறக்கவில்லை. பெரியப்பாவின் அன்றைய ரோஜா மட்டும் வந்து விழுந்தது.

எங்கள் வீட்டார் எதற்கும் போகிற ஆஸ்பத்திரி ஒன்றுதான். எண்ணைத் தேடிப் பிடித்து அடித்தேன். நோயாளி விவரம் போனில் சொல்வதில்லை, கூட இருப்பவர்களை நேரில் வரச் சொல்லுங்கள் என்றாள் அங்கிருந்த பெண். விவரம் வேண்டாம் தாயே, நான்தான் ஒரு விவரம் சொல்லவேண்டும், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். டாக்டர் சொல்லாமல் தான் எதையும் எழுதமுடியாது என்றாள். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன் என்று கத்தினேன். அப்படியானால் கூட இருப்பவர்களுக்கே போன் பண்ணலாமே என்று பொறுமையாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

கண்காணிப்பாளர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒன்பதரைக்குமேல் யாரையும் உள்ளே விடமுடியாது, வருகிறாயா இல்லையா என்றார். அழுதுகொண்டே ஜமீலா அக்காவுக்கு அடித்தேன். அவர் கடைக்குப் போகும் ரயிலில் இருந்தார். நான் கோர்வையில்லாமல் கொட்டியதைக் கேட்டுவிட்டு ஒரு கேள்விகூடத் திருப்பிக் கேட்கவில்லை.

“தம்பி நம்பரும் அந்தச் சீட்டும் அனுப்பு. நீ உள்ள போ லா. உன் நம்பரப் பாத்தாத்தானே எடுக்க மாட்டேங்கறான், நான் அடிச்சிக்கிட்டே இருக்கேன்.”

இரண்டையும் அனுப்பினேன். போனை அணைத்தேன். ஒன்பது இருபத்தாறுக்கு உள்ளே போனேன். ஏன் போனேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெளியே நின்றால் மட்டும் என்ன கிழித்திருப்பேன் என்பதும் தெரியவில்லை.

5

அந்த அரங்கத்தில் ஏசியின் இரைச்சல் தவிர ஒரு சத்தமும் இல்லை. மாசக்கணக்காக நான் கேட்டுக் கேட்டு வாங்கிய அமைதி அதுதான். பத்து மணிக்கு, அதாவது ஊரில் ஏழரைக்கு, பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்புறம் ஒன்றும் எழுத வரவில்லை. எண்கள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தன, எதற்கு என்றுதான் தெரியவில்லை. அப்பாவை, செந்திலை, பெரியப்பாவை, குடும்பத்தில் ஒருவர் விடாமல் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு கேள்விக்கு எழுதியிருந்தேன். மீதித் தாள் வெள்ளையாகவே போனது.

பன்னிரண்டுக்கு வெளியே வந்து போனைப் போட்டேன். முதலில் வந்தது அக்காவின் குரல் பதிவு. “ஊசிய மாத்திட்டாங்க. உங்கம்மா முழிச்சிட்டாங்க. பித்தப்பையில கல்லாம், எடுத்தாச்சு. நீ முதல்ல தண்ணி குடி.”

அந்தத் தாழ்வாரத்திலேயே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

நடந்ததை அக்கா சாயங்காலம்தான் முழுசாகச் சொன்னார். மூன்றாவது தடவையில் செந்தில் எடுத்திருக்கிறான். சிங்கப்பூர் எண்ணாக இருந்ததால் பல்கலைக்கழகம் என்று நினைத்துவிட்டானாம். அம்மாவைப் பற்றி அக்கா கேட்டதும் என்ன சொன்னான் தெரியுமா? அம்மாவுக்கு ஒன்றுமில்லை, வீட்டில் தோசை சுட்டுக்கொண்டிருக்கிறாள் என்றானாம். ஆபரேஷன் அறை வாசலில் நின்றுகொண்டு, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், தோசை! அக்கா அப்போது ரயிலை விட்டு இறங்கி நடைமேடை இருக்கையில் உட்கார்ந்துவிட்டாராம்.

“தம்பி, பொய்யெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம். உங்கம்மாவுக்கு அந்த ஊசி ஆகாது. இப்ப ஓடிப் போய் நர்ஸ்கிட்ட சொல்லு, நான் லைன்லயே இருக்கேன்.”

அவன் ஓடியிருக்கிறான். மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்று முதல்நாளே கேட்டிருக்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று அம்மா தலையாட்டியிருக்கிறாள். அதே வகை ஊசியைத் தட்டில் எடுத்தும் வைத்திருந்தார்களாம். வேறு மருந்து கொண்டுவந்து போட்டார்கள் என்று செந்தில் திரும்பி வந்து சொல்லும்வரை அக்கா அந்த இருக்கையைவிட்டு எழவில்லை. கடையை மத்தியானம்தான் திறந்தார்.

6

சாயங்காலம் வீடியோவில் எல்லாரையும் பிடித்தேன். கட்டிலில் அம்மா, தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் செந்தில். நான் கத்த ஆரம்பித்ததும், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று அக்கா எழுந்து சமையலறை ஜன்னலைச் சாத்தினார். நிறுத்தச் சொல்லவில்லை.

கத்தக் கத்த ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒரு மாதமாகவே அம்மாவுக்கு வலி. ‘நம்ம குடும்பம் 2’ என்று என்னை விட்டுவிட்டு இன்னொரு குரூப் ஆரம்பித்து, உண்மைப் பேச்செல்லாம் அதில் நடந்திருக்கிறது. நான் இருக்கும் குரூப் சும்மா கிடந்தால் எனக்குச் சந்தேகம் வரும் என்று, ஒரு நாள்கூட ரோஜா நிற்கக்கூடாது என்று பெரியப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். கூட்டமாகச் சேர்ந்து என் காதில் பூச்சுற்றியிருக்கிறார்கள். எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்.

ஆபரேஷனுக்கு ஏன் அந்த நாளைப் பிடித்தீர்கள் என்று கேட்டேன். செந்தில் தலையைத் தூக்கவே இல்லை.

“நீ அனுப்பிச்ச டைம்டேபிள்தான்க்கா. ஆறரைலேர்ந்து ஒம்பதரை வரைக்கும் உன் போன் ஆஃப்ல இருக்கும்னு போட்டிருந்த. அந்த நேரமாப் பாத்துத்தான் டாக்டர்கிட்ட தேதி வாங்கினோம். நீதானக்கா சொன்ன, யார் சத்தமும் வரக்கூடாதுன்னு.”

ஒரு மாதம் வலியில் கிடந்தவள் என் பட்டியலைப் பார்த்துப் பார்த்து விசிலைக் குறைத்திருக்கிறாள். நான் அதைத் திருந்தியதாக எடுத்துக்கொண்டேன். அவர்கள் செய்தது அக்கிரமம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, இன்றும் சொல்கிறேன், அக்கிரமம். அதற்கு வழி போட்டுக் கொடுத்தவள் நான்.

அப்போது அம்மா கையை அசைத்துப் போனை அருகில் கொண்டுவரச் சொன்னாள். நாக்கு உலர்ந்து, பேச்சு சரியாக வரவில்லை.

“பரீட்ச எப்படிடி எழுதின?”

“நல்லா எழுதினேம்மா,” என்றேன்.

யோசிக்கவே இல்லை. அவ்வளவு சுலபமாக வந்தது. அம்மா கண்ணை மூடிச் சிரித்தாள். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உடம்பு தேறட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் தீபாவளி வந்தது. அப்புறம் செந்திலுக்குப் பெண் பார்த்தார்கள். ஊரில் படிப்பு ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்று கேட்டபோது, புராஜெக்ட்டுக்கு இன்னும் ஆறு மாதம் ஆகும் என்று வாய்கூசாமல் சொன்னேன். ஒரு வருடமாக நான் எந்த ஜாதிப் பொய்க்காக அவர்களைக் கரித்துக்கொட்டுகிறேனோ, அதே பொய்.

அம்மா இந்தப் பத்திரிகையை அட்டையிலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு வரி விடாமல் படிப்பவள். செந்தில், இந்த இதழை அம்மா கண்ணில் படாமல் எங்கேயாவது ஒளித்து வைத்தாயோ, அடுத்த விமானத்தில் வந்து உன் காதைத் திருகுவேன்.

அம்மா, அந்தப் பரீட்சையில் நான் தேறவில்லை. போன் பண்ணித் திட்டு.